ஒட்டுப் போட்ட கடல்

ஐசக்குக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்று நம்பியவர்கள் அனகாபுத்தூரில் இரண்டே பேர். ஒருவன் ஐசக். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி ரத்தினபாய். அவளும் சண்டை இல்லாத நாளில்தான் நம்பினாள்.

அவன் அப்பன் பல்லாவரத்து மலையில் கல் உடைத்துச் செத்தவன். ஐசக்கும் மீசை முளைக்கிற வரைக்கும் அதே மலையில் ஜல்லி உடைத்தான். பிறகு ஊரப்பாக்கத்துக்கு மேற்கே, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் பெரிய மனிதர்கள் சிலர் நடத்திய பறக்கும் கிளப்பில் விமானம் தள்ளுகிற வேலைக்குப் போனான். ஓர் ஏழைக்கு இலவசமாகப் பறக்கக் கற்றுக்கொடுத்தால் மானியம் உண்டு என்று சர்க்கார் கிளப்புக்குச் சொல்லியிருந்தது. ஏழைக்காக வெளியே அலைவானேன் என்று, சக்கரம் கழுவிக்கொண்டிருந்த ஐசக்கைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்கள். அவன் கற்றுக்கொண்டுவிடுவான் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டான். லைசென்ஸ் வந்தது; மானியமும் வந்தது. மானியம் வந்த மறுநாள் ஐசக் பழையபடி சக்கரம் கழுவினான்.

அறுபத்தெட்டாம் வருஷம், இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பக்கம் இருந்த ஒரு தென்னந்தோட்ட முதலாளி, கிளப்பின் பழைய இரண்டு சீட்டு விமானத்தை விலைக்குக் கேட்டார். மரங்களில் பூச்சி விழுந்துவிட்டதாம். மேலிருந்து மருந்து தெளிக்க வேண்டுமாம். விமானத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறவனையே பைலட்டாக வைத்துக்கொள்வதாகவும், குடியிருக்க வீடு தருவதாகவும், ஆனால் மழை பிடிப்பதற்குள் வந்தாக வேண்டுமென்றும் எழுதியிருந்தார். கிளப் மெம்பர்கள் ஞாயிற்றுக்கிழமையில் அவரவர் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே வட்டமடித்துச் சம்சாரத்துக்குக் கை காட்டுகிறவர்கள். கடல் தாண்டிப் போய்ப் பூச்சிமருந்து அடிக்க அவர்களுக்குத் தலையெழுத்தா? "ஐசக் போகட்டும்" என்றார்கள்.

ரத்தினபாய் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் புரட்டுகிறவள். முழங்காலுக்குக் கீழே அவளுடைய தோலும் கிட்டத்தட்டப் பதனிடப்பட்டிருந்தது. வெடிப்புக்கு நடுவே ரத்தம் கசியும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அங்க போனா தொட்டியில எறங்க வேணாம் இல்ல?"

"தொட்டியே கெடையாது. தென்னந்தோப்பு."

"தேங்கா உரிக்கச் சொல்லுவானுங்களா?"

"நீ பைலட் பொண்டாட்டிமே. சும்மா குந்திகினு இருக்கலாம்."

"சும்மாவேவா?" என்றாள் ரத்தினபாய். அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

நடுவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எல்லை தாண்டுகிற விமானத்தில் வான்வழி வரைபடம் இருக்க வேண்டும். அந்தப் படத்தை விற்க அதிகாரம் பெற்றது, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டித் தகரக்கூரை போட்ட நீளமான கட்டடத்தில் இயங்கிய வான்வரைபட வழங்கல் இயக்ககம். அங்கே இரண்டு பதிப்பு உண்டு. ஒன்று முழுவிலைப் பதிப்பு. அதன் விலையைக் கேட்டவர்கள் அப்புறம் பறக்க ஆசைப்படுவதில்லை. மற்றது ஏழை விமானிகளுக்கான மலிவுப் பதிப்பு. மலிவுப் பதிப்புத் திட்டத்துக்குத் தனி அறை, தனி ஜீப், வழுவழுப்பான தாளில் அச்சடித்த போஸ்டர், ஆண்டு விழா எல்லாம் இருந்தன. ஏழை விமானி மட்டும்தான் அதுவரை கிடைக்கவில்லை.

ஆகவே ஐசக் ஜன்னலில் தலையை நீட்டியதும் உள்ளே ஒரு கலக்கம் உண்டாயிற்று. குமாஸ்தா ஸ்ரீரங்கன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நீர் விமானியா?"

"ஆமா சார்."

"ஏழையா?"

ஐசக் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். "பாத்தா தெரியல சார்?"

"எங்களுக்குப் பார்த்துத் தெரிஞ்சுக்கிற அதிகாரம் கிடையாது. ஏழைன்னு சர்டிபிகேட் கொண்டு வாரும்."

சர்டிபிகேட்டுக்கு ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் கையெழுத்துப் போட வேண்டும். கர்ணம் ஒரு மத்தியானம் வீட்டுக்கே வந்தார். அடுப்பைப் பார்த்தார், பானைக்குள் குனிந்து பார்த்தார், கூரையில் ஓட்டையை எண்ணினார். எல்லாம் திருப்தியாகத்தான் இருந்தது.

"இன்னா தொழிலு?"

"பைலட்டுங்க."

கர்ணம் பேனாவை மூடிவிட்டார். "வெளையாடறியா? ஏரோப்ளேன் ஓட்றவன் ஏழைன்னு எழுதினா என் வேல இருக்குமா? தாசில்தாரே சைக்கிள்லதான் வர்றாரு."

ரத்தினபாய் புடவையைக் கொஞ்சம் தூக்கி, வெந்துபோன காலை அவர் முன்னால் நீட்டினாள். "இதுக்கு மேல இன்னா சர்டிபிகேட் சாமி வேணும்?"

கர்ணம் அதையும் குனிந்து பார்த்தார். "கால் எல்லாருக்குந்தாம்மா கீது" என்றார். பிறகு இரண்டு நாள் யோசித்து, யாரும் தன்மேல் குற்றம் சொல்ல முடியாதபடி எழுதிக்கொடுத்தார்: மேற்படியான் தரையில் ஏழை, வானத்தில் வசதியுள்ளவன்.

இயக்ககத்தின் துணை இயக்குநர் ஏகநாதன் இதைப் படித்துப் பார்த்து, கர்ணத்தை மனசாரப் பாராட்டினார். சிவந்த மனிதர். பேசும்போது எதிரே ஒருவன் இருந்தாலும் ஒரு மைதானமே இருப்பதுபோலப் பேசுவார்.

"ரொம்ப கிளியரா இருக்கு. தரையிலே நீ ஏழை. அதனால தரையிலே நீ மலிவுப் பதிப்பைப் பார்க்கலாம். மேலே போனதும் நீ வசதியுள்ளவன் ஆயிடறே. அங்கே அதைப் பிரிச்சா அது சர்க்காரை மோசடி பண்ற மாதிரி. புரியறதா?"

"மேல போனாத்தானே சார் படம் வேணும்?"

"அதான் கீழேயே பார்த்துட்டுப் போயிடு. ஏழைக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

ஐசக் சரி என்றான். கல்குவாரியில் வளர்ந்தவனுக்கு, கத்துகிறவனிடம் சரி சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது தாய்ப்பாலோடு வந்த பாடம்.

ஏகநாதன் தொடர்ந்தார். "இன்னொண்ணு. நம்ம கடற்கரை ரகசியம். எல்லை, பரம ரகசியம். விமானத்தளம், கலங்கரை விளக்கம், பாலம், எல்லாம் ரகசியம். இதையெல்லாம் முழுவிலைக்காரன் பார்க்கலாம். அவன் கௌரவமானவன், வெளியே சொல்ல மாட்டான். ஏழை விஷயம் அப்படியில்லே. யாராவது ஒரு பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தா நாட்டையே சொல்லிடுவான். உன்னைச் சொல்லலே, பொதுவாச் சொல்றேன். அதனால மலிவுப் பதிப்பிலே ரகசியத்துக்கெல்லாம் மேலே தாள் ஒட்டித் தருவோம்."

ஒட்டுகிறவள் ஹில்டா. பின்கட்டில், மைதா மாவுப் பசைக்கிண்ணமும் காக்கித்தாளும் நகம் வெட்டுகிற கத்தரியுமாக வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். முன்னெல்லாம் கைக்கு வந்தபடி பெரிய சதுரமாகக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காக்கித்தாள் வீணாகிறது என்று ஆடிட்காரன் ஒரு தடவை கேள்வி போட்டுவிட்டான். அன்றிலிருந்து உத்தரவு: ரகசியத்தின் அளவுக்கு மேல் ஒரு நூல்கூடத் தாள் ஒட்டக் கூடாது. ஹில்டாவும் விசுவாசமுள்ள மனுஷி. கரை எங்கெங்கே வளைகிறதோ அங்கங்கே கத்தரியை வளைத்தாள். தீவுக்குத் தீவு அளவாக வெட்டினாள். எல்லைக்கோட்டுக்கு, ரிப்பன் மாதிரி மெல்லிசாக ஒரு கீற்று.

படம் கைக்கு வந்த அன்று ஐசக் வீட்டுத் தரையில் அதை விரித்தான். ஒரு நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். பெயர்களும் எண்களும் குறிகளும் நெருக்கியடித்துக் கிடந்த தாளில், மறைத்த இடங்கள் மட்டும் காக்கி நிறத்தில் துலக்கி வைத்த மாதிரி தெரிந்தன. கோடியக்கரை மூக்கு, ராமேஸ்வரம், அப்பால் யாழ்ப்பாணம், அங்கே ஓடுதளம் இருக்கிற இடத்தில் ஓடுதளத்தின் நீளத்துக்கே ஒரு துண்டு. அவனுக்கென்று இல்லை, டீக்கடையில் நிற்கிறவனைக் கூப்பிட்டுக் காட்டினாலும் சொல்லிவிடுவான்.

"இன்னாய்யா இது, ஒடம்பெல்லாம் அம்ம போட்டாப்புல?" என்றாள் ரத்தினபாய்.

"அம்ம இல்லமே. வழி."

இந்த இடத்தில் ஐசக் வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் கதை இல்லை. ஆனால் அவன் சாதி சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடித்துக்கொடுத்த அதிகாரியை ஓர் எலுமிச்சம்பழம் இல்லாமல் விட்டுவருவது மரியாதை இல்லை. ரத்தினபாயும், "வாங்கிகினு பேசாம வந்துட்டா நன்னி கெட்டவன்னு நெனைப்பாரு" என்றாள். இரண்டு எலுமிச்சம்பழத்தோடு மறுநாள் ஏகநாதன் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். ஹில்டாக்கா கைக்கு மோதிரம் போடணும் சார். ஒட்டு அவ்ளோ சுத்தம். பேர் போட்டிருந்தாகூட இவ்ளோ தெரியாது சார். கர, தீவு, ஏரோட்ரம், எல்லாம் பளிச்சுனு கீது."

பின்கட்டில் ஹில்டா வெட்கத்தோடு சிரித்தாள். அந்தக் கட்டடத்தில் அவள் வேலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. ஏகநாதன் எலுமிச்சம்பழத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"தெரியறதா உனக்கு?"

"நல்லா தெரியுது சார்."

"ஸ்ரீரங்கன், கதவைச் சாத்தும்."

அன்று சாயங்காலம் அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். தாளை அகலமாக ஒட்டலாம் என்று யாரோ சொன்னார். ஆடிட் விடாது என்று இன்னொருவர் சொன்னார். ஏகநாதன் எழுந்து நின்றார். "ஒட்டிலே குறையில்லை. குறை பார்க்கிறவன்கிட்ட. ஒட்டை மாத்த முடியாது, பார்க்கிறவனை மாத்தலாம்" என்றார். கை தட்டினார்கள். எல்லை எங்கே என்று தெரிந்தவன் எல்லை தாண்டக் கூடாது, தெரியாதவன் மட்டுமே தாண்டலாம் என்று விதி பிறந்தது. அதற்கு அறியாமைத் தகுதித் தேர்வு என்று பெயர் வைத்தார்கள். ஐசக்கின் படத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தேர்வுக்கு வரச்சொன்னார்கள்.

ரத்தினபாய் ராத்திரி முழுக்க அவனைத் தயார் செய்தாள். "எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. எங்கிட்ட பொய் சொல்லுவியே, அந்த மூஞ்ச வச்சிகினு சொல்லு."

ஏகநாதன் ஒரு குச்சியால் ஒட்டைத் தொட்டார். "இது என்ன?"

"தெரியாது சார்."

"இது?"

"தெரியாது சார்."

"இது எதுவுமே தெரியாதா?"

"ஒரு எழவும் தெரியாது சார்."

ஏகநாதன் முகத்தில் நல்ல களை வந்தது. பேச்சை மாற்றுவதுபோல, "சாப்டியா? எதிலே வந்தே?" என்றார்.

"பஸ்ல சார்."

"எங்கே இறங்கினே?"

"இதோ, தாம்பரத்துல."

"எழுதிக்கும் ஸ்ரீரங்கன். தாம்பரத்திலே விமானத்தளம் இருக்கு. ஆகவே தாம்பரம் ரகசிய இடம். அது எங்கே இருக்குன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தானாவே வந்து எறங்கியிருக்கான்."

ஐசக் தோற்றான்.

மழைக்கோ அதிக நாளில்லை. விமானம் போயாக வேண்டும். ஏகநாதனின் மச்சினன் கிட்டு அந்தத் தேர்வை எழுத முன்வந்தான். கல்யாணத்தில் சீதனமாகக் கிளப் மெம்பர்ஷிப் வாங்கியவன். ஒட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டதற்கு, "நேந்திரங்கா வறுவலா மாமா?" என்றான். எல்லைக்கீற்றைக் காட்டியபோது, "தலைமயிர் விழுந்திருக்கு, தட்டி விடுங்கோ" என்றான். தெற்கு எது என்றதற்கு மேலே பார்த்தான். இயக்ககத்தின் வரலாற்றில் அப்படி ஒரு தேர்ச்சி கிடையாது என்று ஸ்ரீரங்கன் குறிப்பு எழுதினார்.

கிட்டு கிளம்புகிற காலையில் இறக்கையைத் துடைத்தவன் ஐசக்தான். மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் குரலைத் தணித்துச் சொன்னான்.

"சார், கடலு எப்பவும் உங்க எடது கைப்பக்கமே இருக்கட்டும் சார். வேற ஒண்ணும் பாக்க வேணாம்."

"வண்டி கழுவறவன் எனக்குக் கிளாஸ் எடுக்கறியா?" என்றான் கிட்டு. ஐசக் பேச்சைக் கேட்டதாக இருக்கக் கூடாது என்பதற்காகவே கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போனான். கடல் மாறவில்லை, ஆகவே திசை மாறிற்று. நெல்லூரைத் தாண்டி ஒரு புகையிலைக் கொல்லையில், ஒரு சக்கரமும் பாதி இறக்கையும் போக, இறங்கினான். ஜனங்கள் ஓடிவந்து தெலுங்கில் சத்தம் போட்டார்கள். சிங்களம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து, எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மரியாதையாக நீட்டினான். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார்.

இயக்ககத்தில் கிட்டுவுக்குப் பாராட்டு விழா நடந்தது. ஏகநாதன் மேஜையைத் தட்டிப் பேசினார். "நம்ம படத்தைக் கையிலே வச்சுண்டு நம்ம ஆளே எல்லையைக் கண்டுபிடிக்க முடியலேன்னா, எதிரி எப்படிக் கண்டுபிடிப்பான்? இது தோல்வின்னு சொல்றவன் தேசத்துரோகி. இந்த ஐசக் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? நேரே போய்ச் சேர்ந்திருப்பான்! அப்புறம் நம்ம ரகசியத்துக்கு என்ன மரியாதை?"

தென்னந்தோட்ட முதலாளி வேறு எங்கோ விமானமும் பைலட்டும் பார்த்துக்கொண்டார். உடைந்த விமானத்தை லாரியில் ஏற்றிவர ஐசக்கைத்தான் அனுப்பினார்கள். வால் ஆடாமல் நெல்லூரிலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். வந்து இறங்கியதும் அவன்மேல் இன்னொரு குற்றம் காத்திருந்தது: கடல் எந்தக் கைப்பக்கம் என்பதைக் கிட்டுவிடம் வெளியிட்டது. ஐசக் மறக்கிற வரைக்கும் லைசென்ஸ் இயக்ககத்தில் இருக்கும் என்றார்கள். மறந்துவிட்டானா என்று சோதிக்க மாதாமாதம் வந்து நிற்க வேண்டும்.

வந்து நின்றான்.

"மறந்துட்டியா?" என்பார் ஏகநாதன்.

"மறந்துட்டேன் சார்."

"எதை?"

"அந்தக் கடலு எந்தப் பக்கம்னு..."

"பார், கடல்னு ஞாபகம் இருக்கே. அடுத்த மாசம் வா."

அடுத்த மாதம் உஷாராக, "இன்னாத்த மறந்தேன்னே தெரியல சார்" என்பான். "மறந்ததா ஞாபகம் இருக்கு இல்லியா?" என்பார். அதற்கும் அடுத்த மாதம் ஒன்றும் பேசாமல் நிற்பான். "மறைக்கறான், எழுதிக்கும்" என்பார்.

ரகசியம் தெரிந்த ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று கிளப்பும் கையை விரித்தது. ஐசக் மறுபடி மலைக்கே போனான். ரத்தினபாய் தொட்டியிலிருந்து ஏறவே இல்லை. சும்மா உட்காருவதைப் பற்றி அப்புறம் அவள் பேசவும் இல்லை. ஒரு நாள் பாறைக்கு வைத்த வெடிமருந்து, திரி அணைந்துவிட்டது என்று நினைத்து ஐசக் கிட்டே போனபோது வெடித்தது. உயிர் தப்பியது. கண் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிறபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "இந்த மாசம் ஆபீசுக்குப் போவணுமே?" என்பது.

"போய்த் தொலைவோம். போலன்னா அதுக்கு வேற இன்னாவாவது எழுதிக்குவானுங்க" என்றாள் ரத்தினபாய். நேராக நடக்கக் கால் இல்லாதவள், கண் இல்லாதவனைக் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றி அழைத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போன நேரம் நல்ல நேரம். மலிவுப் பதிப்புத் திட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா வந்துகொண்டிருந்தது. பத்து வருஷத்தில் ஒருவனுக்காவது படம் கொடுத்திருக்கிறீர்களா என்று டில்லியிலிருந்து கேட்டிருந்தார்கள். இயக்குநராகிவிட்ட ஏகநாதன் படத்தை ஐசக் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன?"

"தெரியல சார்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"பாக்க முடியல சார்."

ஏகநாதன் கையை அவன் முகத்துக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டார். "பாஸ்! ஸ்ரீரங்கன், இவன் பாஸ்!"

விழாவில் கூட்டம் நெரிந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஏகநாதன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நம்ம இயக்ககத்துக்கு ஏழைகள்மேல நம்பிக்கை இல்லேன்னு சில பேர் பேசறா. இதோ, இந்த ஏழைக்கு நாங்க குடுக்கிறது ஒட்டுப் போட்ட படம் இல்லே. ஒரு ஒட்டுகூட இல்லாத முழுவிலைப் பதிப்பு! கரை, தீவு, எல்லை, விமானத்தளம், அத்தனையும் திறந்தபடி! இலவசமா!"

கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. பின்வரிசையில் ஹில்டா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். படத்தை விரித்து ஐசக்கின் இரண்டு கையிலும் கொடுத்து, போட்டோக்காரனைக் கூப்பிட்டார்கள். ஐசக் தாளின்மேல் விரலை ஓட்டினான். மேலிருந்து கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், மறுபடியும் ஒரு தடவை. கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கேயும் விரல் தட்டவில்லை.

"சார்" என்றான், எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்பி. "ஒரு ஒதவி சார். ஹில்டாக்கா ஒட்டு போட்டது ஒண்ணு இருந்தா குடுங்க சார். தடவியாவது பாத்துக்கறேன்."

ஏகநாதன் காமிராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கலைக்காமல், உதடு அசையாமல் சொன்னார்:

"அதெல்லாம் கேட்கப்படாதுப்பா. அது ரகசியம்."